கடல் தெரியாத அறை

சைகோன் துறைமுகத்துச் சுங்க ஆபீசில் பத்தொன்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்ற தனிஸ்லாஸ், புதுச்சேரிக்குக் கப்பல் ஏறும் முன்பே எங்கே தங்குவது என்று தீர்மானித்துவிட்டார். சிநேகிதர் ஒருவர் கொடுத்த அட்டை அவர் சட்டைப் பையில் இருந்தது. அதில் இரண்டடுக்கு மாடி, பச்சைச் சன்னல்கள், எதிரே அலையடிக்கும் கடல். கீழே பிரெஞ்சில் அச்சிட்டிருந்தது: ‘ஒத்தேல் மர்த். கடலைப் பார்த்த அறைகள், மின்விசிறி, குளியல் தொட்டி, சொந்த வீட்டைப் போன்ற கவனிப்பு.’

சொந்த வீடென்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஊரில் இடம் இல்லாமல் இல்லை. முத்தியால்பேட்டையில் தங்கை ஆனந்தமேரி இருந்தாள். அவள் புருஷன் பிரகாசம் தச்சர், முன்கட்டிலேயே பட்டறை. அவர்களுடைய ஒரே மகள் பெர்னதெத்துக்குத்தான் இப்போது கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு தனிஸ்லாஸ் மாமன் மட்டுமல்ல, ஞானத்தகப்பனும்கூட. பிறந்து எட்டாம் நாள் கோயிலில் ஞானஸ்நானத்துக்கு அவளைக் கையில் ஏந்தி நின்றவர், அடுத்த மாதமே கப்பலேறிப் போய்விட்டார். அதற்கப்புறம் அவளைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ஒகுஸ்துக்கு சைகோனில் தபாலாபீஸ் உத்தியோகம். ரஜாவில் வந்தவன் பெண்ணைக் கட்டிக் கையோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு. மாமன் விட்டு வருகிற ஊருக்கே மருமகள் போகிறாள்.

‘உனக்குன்னு ஒரு அறையை ஒழிச்சு சுண்ணாம்பு அடிச்சாச்சு அண்ணா, வேற எங்கயும் தங்கிடாதே’ என்று ஆனந்தமேரி யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். கல்யாண வீட்டில் உங்களுக்கு என்னால் தொந்தரவு வேண்டாம் என்று தனிஸ்லாஸ் பதில் எழுதினார். உண்மை அதுவல்ல. பட்டறைத் தூளும், தெருவே வந்து எட்டிப் பார்க்கும் வாசலும், கொல்லைக் கடைசியில் இருக்கும் கக்கூசும் அவருக்கு ஞாபகம் வந்தன. இத்தனை வருஷம் கட்டிலும் கோட்டும் முள்ளுக்கரண்டியுமாக வாழ்ந்தாகிவிட்டது. மனைவி சூசான் உயிரோடு இருந்திருந்தால் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு அவரை நேரே முத்தியால்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் போய் மூன்று வருஷமாகிறது.

முப்பத்து நாலாம் வருஷம், தை மாதத்து வியாழக்கிழமை. கப்பலிலிருந்து சலங்குப் படகில் இறங்கிக் கடல்பாலத்துக்கு வருகிற வழியில் பெரிய அலை ஒன்று எழுந்து படகுக்குள் புகுந்தது. தனிஸ்லாஸ் தலையோடு நனைந்தார். பெட்டியும் நனைந்தது. பாலத்தில் காத்திருந்த பிரகாசம் ஓடி வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

“வாங்க மச்சான். வண்டி நிக்குது. வீட்ல வெந்நீ போட்டு வெச்சிருக்கா.”

“இல்ல மாப்ளே, ஒத்தேலுக்கு எழுதிப் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரேன்னு மேரிகிட்ட சொல்லுங்க.”

பிரகாசம் சரி என்று தலையாட்டி, பெட்டியைத் தன் வண்டியிலேயே ஏற்றிக் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருக்களுக்குள் கொண்டுபோய் ஒத்தேல் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே வாருங்கள் என்று தனிஸ்லாஸ் கூப்பிடவில்லை. பிரகாசத்தின் வேட்டியில் அரக்குக் கறை இருந்தது.

ஒத்தேலின் முதலாளி கஸ்தோன், பழைய கப்பல் பட்லர். வாய் நிறைய முசே, முசே என்று வரவேற்றார். ஆனால் கடலைப் பார்த்த அறைகளெல்லாம் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்கு விட்டாகிவிட்டதாம்.

“நான் ரெண்டு மாசம் முந்தியே எழுதியிருந்தேனே.”

“கடுதாசி வந்துது முசே. இந்த அறையும் நல்ல அறைதான். காத்து வரும்.”

காத்து வந்தது, பக்கத்துக் குதிரை லாயத்திலிருந்து. சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் காரை உதிர்ந்த மதில். மின்விசிறி தலைக்குமேல் இருந்தது, சுற்றவில்லை. குளியல் தொட்டியில் அடுப்புக் கரி கொட்டி வைத்திருந்தார்கள். மணிக்கயிற்றை இழுத்தால் கயிறு கையோடு வந்தது. கூஜாத் தண்ணீரில் புழு நெளிந்தது. மாற்றித் தரச் சொன்னதற்கு, அதே தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவந்து வைத்தான் வேலையாள் ஆதிமூலம். வாசல் காவல், அறைக் கவனிப்பு இரண்டும் அவன் ஒருவன்தான். சாப்பாட்டு மேசையில் அவருக்குக் கொடுத்த இடம் குசினிக் கதவுக்குப் பக்கத்தில். சூப்பு கடலோரத் தாழ்வார மேசைகளை எல்லாம் சுற்றிவிட்டு, ஆடை படிந்து, கடைசியில் அவரிடம் வந்தது. சைகோனிலும் அவருக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. சொந்த ஊரில் கோட்டும் தொப்பியுமாக இறங்கினால் வேறு மாதிரி இருக்கும் என்று அவர் எதனாலோ நம்பியிருந்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது துணி விஷயம்தான்.

வந்த அன்றே உப்புத் தண்ணீரில் ஊறிய அத்தனை துணியையும், கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைக் கோட்டு உட்பட, வெளுக்கப் போட்டார். சனிக்கிழமை காலையில் கைக்கு வந்துவிடும் என்று கஸ்தோன் வாக்குக் கொடுத்தார். பெட்டியின் அடியில் நனையாமல் தப்பியது ஒரு கைலியும் பழைய சட்டையும்தான். சனிக்கிழமை துணி வரவில்லை. “நாளைக்கு முசே” என்றார் கஸ்தோன். ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கைலியும் சட்டையுமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தனிஸ்லாஸ் யோசித்தார். கோயிலில் பெர்னதெத்தின் கல்யாண அறிவிப்பை, இரண்டாவது ஓலையை, வாசிக்கிற நாள். சம்பந்தி வீட்டார் வந்திருப்பார்கள். சைகோன் மாமன் என்று தெருவே காத்திருக்கும். பத்தொன்பது வருஷம் கழித்து இந்தக் கோலத்திலா போய் நிற்பது? ஆதிமூலத்தைக் கூப்பிட்டார்.

“முத்தியால்பேட்டையில தச்சுப் பட்டறை பிரகாசம் வீடுன்னு கேளு. முசேவுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் கழிச்சு வரேன்னாருன்னு சொல்லிட்டு வா.”

அந்த ஒத்தேலில் அவர் சொல்லி உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் கீழே போய்க் கத்தினார். கத்தும்போதெல்லாம் கஸ்தோன் கைகளை விரித்தார். வெளுப்பவன் வீட்டில் சாவு என்றார், பிறகு வெயில் இல்லை என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று தனிஸ்லாஸ் தன்னைத் தேற்றிக்கொண்டு, அறைக்குத் திரும்பி, மதிலைப் பார்த்தபடி சாய்ந்துகிடந்தார். அந்தச் சன்னலிலிருந்து கடல் தெரிந்திருந்தால், செவ்வாய்க்கிழமை காலையிலேயே சைகோனுக்குப் போகிற கப்பல் வந்து நங்கூரம் போட்டு நிற்பதை அவர் பார்த்திருப்பார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத்தான் துணி வந்தது. கோட்டின் முதுகில் மஞ்சளாக ஒரு திட்டு. பரவாயில்லை, முன்பக்கம் சுத்தம். தனிஸ்லாஸ் முகம் மழித்து, கழுத்துப்பட்டை கட்டினார். கட்டிக்கொண்டிருக்கும்போதே கடல் பக்கமிருந்து கப்பல் ஊதல் ஒன்று நீளமாகக் கேட்டது. ஏதோ சரக்குக் கப்பல் என்று நினைத்துக்கொண்டார். பெர்னதெத்துக்கு வாங்கி வந்த பட்டுத்துணிப் பொட்டலம் தகரப் பெட்டியில் இருந்ததால் நனையாமல் பிழைத்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் ஏறி, முத்தியால்பேட்டைக்குப் போகச் சொன்னார்.

வண்டி தெருவில் திரும்பியதும் பந்தல் தெரிந்தது. இவ்வளவு முன்னாடியே போட்டுவிட்டார்களே என்று முதலில் தோன்றியது. கிட்டே போனால் வாழைமரம் கட்டியிருந்தது. எச்சிலிலை குவிந்து கிடந்தது. பெரிய பாத்திரமொன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பெண், அஞ்சலாட்சி என்கிற பக்கத்து வீட்டுக்காரி, நிமிர்ந்து அவருடைய தொப்பியைப் பார்த்தாள்.

“சைகோன் அண்ணனா? இப்பதான் வரீங்களா?”

“இங்க என்ன விசேஷம்?”

“என்ன விசேஷமா! பெர்னதெத்துக்குக் காலையில மொதல் பூசையில கல்யாணம் ஆச்சுங்க. கப்பல் முன்னாடியே வந்துட்டுதுன்னு மூணாவது ஓலைக்குச் சாமியாரு விலக்குக் குடுத்துட்டாரு. எல்லாரும் பாலத்துக்குப் போயிருக்காங்க. உங்களுக்குச் சொல்லலையா?”

தனிஸ்லாஸ் வண்டியைத் திருப்பச் சொன்னார். தள்ளுகிறவன் மூச்சு வாங்க ஓடினான். பாலத்தின் தொடக்கத்தில் இறங்கி, பொட்டலத்தை அணைத்துக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயதில் பலகைகள் மேல் அவரும் ஓடினார். வழியனுப்ப வந்தவர்கள் எதிரே கலைந்து வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வழிவிட்டார்கள்.

பாலத்தின் கோடியில் ஆனந்தமேரியும் பிரகாசமும் மட்டும் நின்றார்கள். ஆனந்தமேரி கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குச் சேலையில் இருந்தாள். தலை நரைத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த திக்கில் கப்பல் புகை கக்கியபடி கிழக்கே திரும்பியிருந்தது. ஆள் முகம் தெரிகிற தூரத்தைத் தாண்டிவிட்டது. மேல்தட்டுக் கம்பி ஓரமாக வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முக்காடா, பாய்த் துணியா, சொல்ல முடியவில்லை.

“படகு... யாராவது படகு...” என்று தனிஸ்லாஸ் கீழே பார்த்தார். சலங்குக்காரர்கள் துடுப்பைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கப்பலைக் காட்டிச் சிரித்தான்.

ஆனந்தமேரி திரும்பினாள். அண்ணனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் கேட்ட முதல் வார்த்தை இது:

“காய்ச்சல் விட்டுதா அண்ணா?”

குரலில் கோபம் இல்லை.

“நேத்து நாலு மணிக்கு வந்தேன்” என்றாள் அவள். “மொளகுக் கஞ்சி எடுத்துக்கிட்டு வந்தேன். உள்ள விடல. நீ தூங்குறே, எழுப்பக் கூடாதுன்னாரு அந்த மொதலாளி. காய்ச்சல் எப்படியிருக்குன்னு கேட்டேன். காய்ச்சலா, யாருக்கு, மத்தியானம் நல்லாத்தானே சாப்புட்டாருன்னாரு. நான் அப்புறம் ஒண்ணும் கேக்கல. நாளைக்கு மொதல் பூசையில கல்யாணம், எழுந்ததும் கட்டாயம் சொல்லிடுங்கன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். சொல்றேன் சொல்றேன்னாரு.”

“சொல்லல மேரி. சத்தியமா என்கிட்ட யாரும் சொல்லல.”

“இருக்கும்” என்றாள்.

பிரகாசம்தான் மிச்சத்தைச் சொன்னார். சாமியார் கால் மணி நேரம் காத்திருந்தாராம். பெர்னதெத் கோயில் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். சாட்சிக் கையெழுத்துக்கு மாமன் பெயரைத்தான் கொடுத்திருந்தார்களாம். கடைசியில் கோயில் உபதேசியார் போட்டாராம். படம் பிடிக்கக்கூட நேரமில்லை, கோயிலிலிருந்து வந்து இலை போட்டு எழுப்பியதும் நேரே கப்பல்தான். “மாமாவுக்கு ஒடம்பு முடியல, இல்லேன்னா வந்திருப்பாருன்னு புள்ளைக்குச் சொல்லி வெச்சோம் மச்சான்” என்றார். அந்தப் பொய்யை அவர்களும் தூக்கிச் சுமக்க வேண்டியதாகிவிட்டது.

ஒத்தேலுக்குத் திரும்பிய தனிஸ்லாஸ், தொப்பியைக் கழற்றாமல் கஸ்தோனின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“நேத்து சாயங்காலம் ஒரு அம்மா வந்து சேதி சொல்லிட்டுப் போனாங்களே. ஏன் என்கிட்ட சொல்லல?”

கஸ்தோன் நெற்றியைத் தேய்த்தார். “ஆமாம், தச்சர் வீட்டுலேர்ந்துன்னு வந்துது ஒரு பொம்பள, தூக்குச் சட்டியோட. அந்த நேரம் பார்த்துக் காரைக்கால்லேர்ந்து ஒரு பட்டாளத்துக் கப்பித்தேன் குடும்பத்தோட வந்து இறங்கிட்டாரு. பதினோரு பெட்டி முசே! அதுல மறந்துபோச்சு. முக்கியமான சேதியா?”

“வந்தது என் தங்கச்சி. சேதி, என் மருமக கல்யாணம். நான் அவளுக்கு ஞானத்தகப்பன்.”

“அடடா” என்றார் கஸ்தோன். பிறகு, உண்மையாகவே புரியாதவரைப் போலக் கேட்டார். “அந்த அம்மா முசேவுக்குத் தங்கச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்? வந்த அன்னைக்கு வாசல்ல நின்ன வண்டிக்காரரைப் பார்த்து, சொந்தக்காரரான்னு கேட்டேன். இல்ல, தெரிஞ்ச தச்சன்னு நீங்கதானே சொன்னீங்க?”

தனிஸ்லாஸ் தொப்பியைக் கழற்றினார். அப்படித்தான் சொன்னார். நனைந்த கோட்டோடு, பெட்டியைத் தோளில் சுமந்து வந்த மைத்துனனை ஒரு பார்வையால் வெளியே நிறுத்திவிட்டு, அப்படித்தான் சொன்னார். பிரகாசம் அப்போது வண்டிக்குப் போய்விட்டிருந்தாரா, இல்லை வாசலிலேயே நின்றிருந்தாரா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இன்றுவரை அதைக் கேட்கிற தைரியமும் அவருக்கு வரவில்லை.

“மன்னிச்சுக்குங்க முசே. இன்னைக்கு மத்தியானம் கடலோர மேசையில உட்காருங்க. ஒரு மேசை காலியாயிருக்கு” என்றார் கஸ்தோன்.

தனிஸ்லாஸ் மாடியேறிப் பெட்டியைக் கட்டினார்.

அன்று பகல் சாய்வதற்குள் அவர் முத்தியால்பேட்டை வாசலில் போய் நின்றபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தமேரி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நடுவில் பிரகாசம் செய்த புதுக் கட்டில், கொசுவலை மாட்ட நான்கு மூலையிலும் கழி வைத்து, மெழுகு போட்டுத் தேய்த்தது. அதன்மேல் கல்யாணத்துக்கு வந்த பாய்களையும் தலையணைகளையும் அடுக்கியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டு இடம் பண்ணிக் கொடுத்தாள். “கை கால் கழுவிட்டு வா, சாதம் இருக்கு” என்றாள்.

சாதம் வேளாவேளைக்கு வந்தது. வெந்நீர் வந்தது. யாரும் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. தனிஸ்லாஸுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். ஒத்தேல்காரனைக் குறை சொல்லியிருப்பார், வெளுப்பவனைச் சொல்லியிருப்பார். இரண்டொரு தடவை ஆரம்பித்தும் பார்த்தார். “அந்தக் கஸ்தோன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” என்று தொடங்குவார். ஆனந்தமேரி “ஆமா” என்பாள். அத்தோடு பேச்சு அறுந்துவிடும். இந்த வீட்டிலேயே இறங்கியிருந்தால் யாரும் யாருக்கும் எதையும் சொல்லி அனுப்ப வேண்டியிருந்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

பட்டுத்துணியைத் தபாலில் சைகோனுக்கு அனுப்பினார். கூடவே பதினாலு பக்கம் கடிதம். எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு பார்க்கலாம், எந்தச் சந்தையில் கறிவேப்பிலை கிடைக்கும், மழைக்காலத்தில் தண்ணீரை எப்படிக் காய்ச்ச வேண்டும், புதுச்சேரிக்காரர் யார் யார் எங்கே இருக்கிறார்கள், அத்தை சூசானின் கல்லறை எந்த வரிசையில் இருக்கிறது. நேரில் ஆறு நாளில் சாவகாசமாகச் சொல்லியிருக்கக்கூடியவை. கடைசிப் பக்கத்தில், எனக்குக் காய்ச்சல் இல்லை, துணி வரவில்லை என்பதற்காக வராமல் இருந்தேன் என்று எழுதினார். அதை எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தார். அப்புறம் அனுப்பிவிட்டார்.

சித்திரையில் பதில் வந்தது. பின்கட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆனந்தமேரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். பெண்ணின் கையெழுத்து உருண்டையாக, அழகாக இருந்தது. வீடு கிடைத்துவிட்டது. மாமா சொன்ன சந்தையில் கறிவேப்பிலை கிடைத்தது. அத்தை கல்லறைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினோம். பட்டில் ரவிக்கை தைத்துவிட்டேன். காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

‘உங்களோடு வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். எங்க மாமா எப்படி இருப்பார் என்று அவரிடம் கேட்டேன். உயரமாக இருப்பார், மெதுவாகப் பேசுவார் என்றார். வேறொன்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.’

தனிஸ்லாஸ் அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முறத்தின் சத்தமும் நின்றிருந்தது.

“அவ எப்படி இருப்பான்னு நீ இதுவரைக்கும் என்கிட்ட கேக்கவே இல்லியே அண்ணா” என்றாள் ஆனந்தமேரி.

“கேக்க எனக்கு எந்த மூஞ்சி இருக்கு, மேரி?”

அவள் உளுந்தில் ஒட்டியிருந்த தோலைக் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நம்ம அம்மா நெறம்” என்று ஆரம்பித்தாள். “நெத்தி மட்டும் எங்க மாமனார் வீட்டு நெத்தி. சிரிச்சா இந்தப் பக்கம் மட்டும் குழி விழும்...”